லைன் அக்கா சொன்ன அவுட்

லைன் அக்கா இப்போது எந்தப் போட்டிக்கும் போவதில்லை. பேட்மின்டன் சங்கத்திலிருந்து கூப்பிட்டால், "வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். காரணம் சொல்வதில்லை. காரணம் சொல்லாவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? கண்ணில் புரை என்றார்கள். யாரோ பெரிய இடத்து ஆளோடு சண்டை என்றார்கள். கை நீட்டி எதையோ வாங்கிவிட்டார் என்றுகூட ஒருவன் சொன்னான். அவனோடு நான் பேச்சை நிறுத்திவிட்டேன். எனக்கும் சந்தேகம் பிறவிக் குணம்தான். ஆனால் சந்தேகப்படுவதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும், நேரில் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தேன். பாதிதான் பார்த்தேன், அதுதான் தொல்லை.

முதன்முதலில் அவரைச் சந்தேகப்பட்டவளே நான்தான். கல்லூரியில் முதல் நாள். உளவியல், விளையாட்டு, பொழுதுபோக்கு வழிச் சிகிச்சை என்று பெயரை மூச்சு விடாமல் சொல்ல முடியாத ஒரு படிப்பு. "பந்து போட்டு புடிக்கறதுக்கு டிகிரியா? உன் தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்காங்க" என்று என் மாமா சொல்லியிருந்தார். வகுப்பில் இருந்த நாங்களும் அதற்கேற்ற மாதிரிதான் இருந்தோம். நான் தோள்பட்டை போய் நீச்சலை விட்டவள். பக்கத்தில் முழங்கால் போன ஒருத்தி. மற்றவர்கள் வேறு எதிலும் இடம் கிடைக்காமல் வந்தவர்கள். எல்லாருக்கும் பின்னால், சுவர் ஓரமாக, எங்கள் அம்மாக்களைவிடக் கொஞ்சம்தான் வயது குறைந்த ஒரு பெண்மணி. முதுகைச் சாய்க்காமல், இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். பேராசிரியையைப் பார்க்கவில்லை, கரும்பலகையைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. நிர்வாகம் எங்களை வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

இடைவேளையில் நேராகப் போய்க் கேட்டேன். "நீங்க யாரு? எதுக்கு கீழயே பாத்துக்கிட்டிருக்கீங்க?"

"பழக்கம்மா. எங்கயாவது கோடு இருந்தா கண்ணு அங்க போயிடும்" என்று தரையில் இரண்டு ஓடுகள் சேரும் இடத்தைக் காட்டினார். "நான் பேட்மின்டன்ல லைன் பாக்கறவ."

பையன்கள் அன்றைக்கே 'லைன் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதை வேறு மாதிரி இழுத்துச் சொல்லிச் சிரித்த ஒருவன், அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

அவர் விளையாட்டுச் சாமான் கடையில் ரேக்கெட்டுக்கு நரம்பு கட்டுபவர். போட்டி நடக்கும் நாட்களில் விடுப்பு எடுத்துக்கொண்டு கோர்ட்டின் மூலையில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார். தனக்குக் கொடுத்த ஒரு கோட்டைத் தவிர உலகத்தில் வேறு எதையும் பார்க்கக் கூடாது, அதுதான் லைன் நடுவரின் வேலை. ஷட்டில் கோட்டுக்கு உள்ளேயோ கோட்டின் மேலேயோ விழுந்தால் வாயைத் திறக்காமல் வலது கையைக் கோட்டை நோக்கி நீட்ட வேண்டும். வெளியே விழுந்தால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, "அவுட்!" என்று கூடத்துக்கே கேட்கும்படி கத்த வேண்டும். ஆட்டக்காரர் மறைத்துப் பார்க்க முடியாமல் போனால் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களை மூடிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் அந்த வேலையின் மொழி.

"அந்தக் கண்ண மூடறது மட்டும் நான் செஞ்சதே இல்ல" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை, ரத்த வகையைச் சொல்வது மாதிரி சொன்னார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. பாதி பேர் பார்க்காமலே பார்த்ததாகக் கை நீட்டுவார்கள், இவரும் அந்த ரகம்தானே என்று நினைத்தேன். பிறகு விசாரித்ததில் தெரிந்தது. அக்காவின் கூடப்பிறந்த தங்கை மகள் ஒரு இறுதிப் போட்டியில் கடைசிப் புள்ளிக்காக அடித்த அடி கோட்டைத் தாண்டிப் போய் விழுந்திருக்கிறது. நூலளவு தாண்டியது என்கிறார்கள். பெரியம்மா கையை விரித்துவிட்டார். அதிலிருந்து தங்கை அக்காவோடு பேசுவதில்லை. வீட்டு விசேஷங்களில் எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாராம்.

அக்காவின் கணவர் செல்போன் பழுது பார்ப்பவர், வாய் ஓயாத மனிதர். ஒருமுறை வீட்டுக்குப் போயிருந்தபோது என்னிடம் சொன்னார்: "இவகிட்ட எது வேணும்னாலும் கேளும்மா. இந்தச் சட்ட எனக்கு நல்லா இருக்கான்னு மட்டும் கேட்டுடாத. நான் கல்யாணம் ஆன புதுசுல கேட்டுட்டு இன்னும் அனுபவிக்கிறேன்." அக்கா அடுப்படியிலிருந்து, "அது நல்லா இல்லதான்" என்றார்.

இப்படிப்பட்டவர் இந்த வயதில் கல்லூரிக்கு வந்ததற்கும் ஒரு 'அவுட்'தான் காரணம். ஏதோ ஒரு போட்டியில் அவர் கையை விரித்ததும் தோற்றுப்போன பெண் உடை மாற்றும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். எல்லாரும் ஜெயித்தவளைச் சுற்றி நின்றார்கள். அக்கா அந்தக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே அழுகை. என்ன பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. "அவுட்னு சொல்ல மட்டும் தெரியுது, அதுக்கு அப்புறம் என்ன சொல்றதுன்னு தெரியலையேன்னு ஆயிடுச்சு" என்றார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்பு.

எங்களுக்கு உளவியல் எடுத்தவர் எலி மேடம். மனிதனைப் பற்றி எதைக் கேட்டாலும் எலியை வைத்து நடந்த ஆராய்ச்சியிலிருந்துதான் தொடங்குவார், அதனால் அந்தப் பெயர். கண்டிப்பானவர். நேரடிப் பயிற்சிக்காக எங்களை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புவதற்கு முன் மேசையைத் தட்டிச் சொன்னார்: "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. நோயாளிய ஏமாத்தி குணப்படுத்தற வேல இங்க கெடையாது. நல்லதுக்குத்தான் பொய் சொன்னேன்னு யாராவது வந்து நின்னீங்கன்னா, பயிற்சியில பெயில். மறுபேச்சே இல்ல." அக்கா பின்னால் உட்கார்ந்து தலையாட்டினார். அவருக்கு இது புதிய சட்டமே இல்லை.

மையத்தின் மாடியில் விளையாட்டுக் கூடம். பாதி கோர்ட், தாழ்வான வலை, தரையில் நீல நிற டேப் ஒட்டிய கோடுகள். பக்கவாதம் வந்தவர்கள், விபத்தில் சிக்கியவர்கள், மனசு உடைந்து பேச்சை விட்டவர்கள் என்று எல்லாரையும் லிஃப்ட்டில் அங்கே கொண்டுவருவார்கள். நாங்கள் அவர்களோடு ஆட வேண்டும். கேட்பதற்கு எளிது.

எனக்கும் அக்காவுக்கும் சேர்த்துக் கிடைத்தவர் கஸ்டம்ஸ்காரர். சுங்கத் துறையில் ஆயுள் முழுக்க அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். பக்கவாதம் இடது பக்கத்தை இழுத்துக்கொண்டது. கை அவ்வளவாகத் தேறவில்லை, கால் தேறிவிட்டது என்று பிசியோ சொன்னார். ஆனால் மனிதர் எழுந்து நிற்க மறுத்தார். பிசியோ இடுப்பில் பட்டை கட்டினால், "இது அறுந்து நான் விழுந்தா நீ கையெழுத்து போட்டுத் தருவியா?" என்பார். மாத்திரையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பழச்சாறு வந்தால் நர்ஸை முதலில் ஒரு வாய் குடிக்கச் சொல்வார். சக்கர நாற்காலியின் பிரேக்கைத் தானே போட்டு, தானே இழுத்துப் பார்த்துக்கொள்வார். யாராவது தள்ளிவிடுவார்களாம். நான்கூட இவர் அளவுக்குப் போனதில்லை. ஒருவிதத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது.

விளையாட்டையும் விட்டுவிட்டார். எங்களுக்கு முன்னால் வந்த மாணவர்கள் அவரை உற்சாகப்படுத்துகிறோம் என்று வேண்டுமென்றே தோற்றிருக்கிறார்கள். அவருக்குச் சந்தேகம் வந்து, ஒருநாள் ஷட்டிலை ஜன்னல் பக்கம் பார்த்து வேண்டுமென்றே அடித்திருக்கிறார். "சூப்பர் சார், பாயிண்ட்!" என்று கை தட்டினார்களாம். கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். அதோடு ரேக்கெட்டைத் தொடவில்லை.

நாங்கள் போன முதல் நாளும் அதே சோதனையைச் செய்தார். வெகுநேரம் கெஞ்சிய பிறகு, ஒரே ஒரு அடி என்று சொல்லி, ஷட்டிலைக் கோட்டுக்கு வெளியே மெதுவாகத் தட்டினார். வெளியே என்றால் ஒரு விரல் அகலம். மூலை நாற்காலியில் இருந்த அக்கா இரண்டு கைகளையும் விரித்து, "அவுட்!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்தில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கீழே போட்டுவிட்டார்கள்.

கஸ்டம்ஸ்காரர் அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னொண்ணு போடு" என்றார் என்னிடம்.

அதன் பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. "நீயும் உக்காந்துதான் ஆடணும், நான் ஒண்ணும் உன் தயவுல ஜெயிக்க வேணாம்" என்று என்னையும் நாற்காலியில் உட்கார வைத்தார். வலது கையில் நல்ல விசை. நான் தோற்றபோது நிஜமாகவே தோற்றேன். ஜெயித்தபோது அவர் பல்லைக் கடித்தார். அக்கா சொன்னால் மட்டும் எதிர்ப்பேச்சு இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அது கோர்ட்டுக்கு வெளியேயும் வந்தது. மாத்திரையை அக்காவிடம் நீட்டி, "இது நேத்து குடுத்ததுதானா, பாத்துச் சொல்லு" என்பார். அக்கா அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினால்தான் விழுங்குவார். மகள் தன்னை ஒழித்துக்கட்டப் பார்க்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஒருநாள், "அவ அழுதாளா, நடிச்சாளா? நீ பாத்த இல்ல" என்று கேட்டார். "அழுதாங்க சார்" என்றார் அக்கா. அன்றைக்கு மகளோடு இரண்டு வார்த்தை பேசினார்.

அந்த மகளின் அழுகைக்குக் காரணம் இருந்தது. அவள் வீடு மாடியில், லிஃப்ட் கிடையாது. புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மனிதர் எழுந்து நான்கு அடி வைத்தால் எப்படியாவது அழைத்துப் போய்விடலாம். இல்லையென்றால் நிரந்தர விடுதி. ஊருக்கு வெளியே, படுக்கையோடு படுக்கையாக வரிசை கட்டி இருக்கும் இடம். மையத்தின் குழு கூடி முடிவு செய்ய வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நடைவழியில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னா கேக்கறாரே, எழுந்து நிக்கச் சொல்லுங்களேன்" என்று அவள் அழுததை நான் பார்த்தேன். அக்கா சொல்லிப் பார்த்தார். "நீ கோட்ட மட்டும் பாரு" என்று அவர் வெட்டிவிட்டார்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது எனக்குப் புரியவில்லை, அக்காவுக்குப் புரிந்திருந்தது. ஷட்டில் கோட்டுக்கு மிக அருகில் விழும்போதெல்லாம் கஸ்டம்ஸ்காரர் எட்டிப் பார்ப்பார். பார்க்கும்போது, தனக்கே தெரியாமல், நாற்காலியிலிருந்து கொஞ்சம் எழும்புவார். அக்கா கையை நீட்டியதும் சமாதானமாகி உட்கார்ந்துவிடுவார்.

குழு கூடுவதற்கு முந்தைய ஆட்டம். மகள் வாசலில் நின்றிருந்தாள், பிசியோவும் இருந்தார். ஆட்டம் இழுபறியாகப் போய், அவருக்கு மேட்ச் பாயிண்ட், இன்னும் ஒன்று எடுத்தால் ஜெயித்துவிடுவார். நான் தூக்கிக் கொடுத்ததை அவர் பின்கோட்டைப் பார்த்து அடித்தார். ஷட்டில் என் தலைக்கு மேலே போனது. தோள்பட்டை கிழிந்தவளால் உட்கார்ந்த இடத்திலிருந்து பின்னால் வளைய முடியாது. எனக்கு முதுகுக்குப் பின்னால் 'டப்' என்ற சத்தம் மட்டும் கேட்டது.

"அவுட்!"

திரும்பிப் பார்த்தேன். அக்காவின் இரண்டு கைகளும் விரிந்திருந்தன. ஷட்டில் உருண்டு சுவரோரம் கிடந்தது.

"என்னது?" என்றார் கஸ்டம்ஸ்காரர்.

"அவுட் சார்."

"ஏய்! கோட்டு மேல விழுந்துச்சு! நான் பாத்தேன்!"

"அவுட்."

மனிதரின் முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தது. ரேக்கெட்டைத் தரையில் எறிந்தார். பிரேக் போட்டிருந்த நாற்காலியின் கைப்பிடியை அழுத்தினார், எழுந்தார், வலைக் கம்பத்தைப் பிடித்தார். பிசியோ ஓடப் போனவர் என்ன நினைத்தாரோ, அங்கேயே நின்றுவிட்டார். இடது காலை இழுத்து இழுத்து, கம்பத்தைச் சுற்றிக்கொண்டு, வலைக்கு இந்தப் பக்கம் வந்து, என் நாற்காலியின் முதுகைப் பிடித்து, பின்கோடு வரைக்கும் வந்துவிட்டார். நீல டேப்பின் மேல் விரலைக் காட்டி, "எங்க? எங்க விழுந்துச்சு? காட்டு!" என்று கத்தினார்.

வாசலில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நாங்கள் எல்லாரும் அவர் காலைத்தான் பார்த்தோம். அக்கா மட்டும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தான் நின்றுகொண்டிருப்பது அவருக்கே பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் கால் நடுங்க, பிசியோ வந்து தாங்கிக்கொண்டார். குழு கூடியது. விடுதி என்ற பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு, நடைப் பயிற்சிக்கு இன்னும் அவகாசம் கொடுத்தார்கள். மகள் அக்காவைக் கட்டிக்கொள்ள வந்தாள். அக்கா தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி விலகிவிட்டார்.

எல்லாம் சுபம் என்று நினைத்தால், கஸ்டம்ஸ்காரர் விடுகிற ஆளா? எலி மேடத்துக்கு அந்த மையத்தின் கீழ்த் தளத்தில் ஒரு அறை உண்டு. மறுநாளே அங்கே புகார் போய்விட்டது. 'லைன் நடுவர் வேண்டுமென்றே பொய் சொல்லி என் பாயிண்டைத் திருடிவிட்டார். விசாரணை வேண்டும்.'

மேடம் என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பின்னால் விழுந்தது, நான் பார்க்கவில்லை என்றேன். உண்மை அதுதான். பிறகு அக்காவைக் கூப்பிட்டார். நான் வெளியே போகிற மாதிரி போய்க் கதவோரம் நின்றுகொண்டேன்.

"ஷட்டில் எங்க விழுந்துச்சு?"

"நான் அவுட்னு சொன்னேன் மேடம்."

"நீ என்ன சொன்னேன்னு நான் கேக்கல. எங்க விழுந்துச்சு?"

"நான் அவுட்னு சொன்னேன்."

"உன் பயிற்சி மார்க் என் கையில இருக்கு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

அதற்கு மேல் அக்கா பிடி கொடுக்கவில்லை. மேடம் கஸ்டம்ஸ்காரரிடம், "விசாரணை நடந்துக்கிட்டிருக்கு சார், நாளைக்கு வந்து கேளுங்க" என்றார். அவர் மறுநாள் கேட்கப் போனார். மாடி அறையிலிருந்து நடைவழி முழுக்க, வாக்கரைத் தள்ளிக்கொண்டு, லிஃப்ட் வரைக்கும், அங்கிருந்து மேடத்தின் அறை வரைக்கும். "இன்னும் முடியல சார்." அதற்கு மறுநாளும் போனார். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறேன் என்ற நர்ஸிடம், "நீயும் அவ கூட்டாளியா? வழியில எங்கயாவது நிறுத்தி வெச்சுடுவ" என்று சீறினார். ஒருநாள் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்றார்கள். படியில் இறங்கினார். லிஃப்ட் நிஜமாகவே கெட்டுப்போனதா, மேடம் ஏதாவது சொல்லி வைத்தாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. அந்த அறையில் உண்மையாகவே ஒரு விசாரணை நடந்ததா என்பதே சந்தேகம்தான். கேட்டால் மேடம் எலியைப் பற்றிப் பேசுவார்.

வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. கால் தேறிய அளவுக்கு மனிதரின் மனசு பழைய இடத்துக்குப் போனது. மாத்திரையை மறுபடி விளக்கில் பார்த்தார். அக்கா அட்டையைக் காட்டினால், "நீ சொல்லாத. உன் வாயால எதுவும் சொல்லாத" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் வந்தால், "அன்னைக்கு இவ அழுதான்னு நீ சொன்னதும் பொய்தானோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். மகள் சுருங்கிப்போனாள். அக்கா எதிரே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு மட்டும் தவறாமல் வந்தார் அந்த மனிதர், ஆனால் வேறு நடுவர் வேண்டும் என்றார். அக்காவின் நாற்காலியில் முழங்கால் போனவள் உட்கார்ந்தாள்.

எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கூடம் காலியாக இருந்தபோது என் பழைய இடத்தில் நாற்காலியைப் போட்டு, அவர் இடத்திலிருந்து ஒருவனை அடிக்கச் சொல்லி, 'டப்' சத்தம் டேப்பில் எப்படிக் கேட்கிறது, தரையில் எப்படிக் கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு சோதித்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அடித்தவன்தான், "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அக்காவிடமே கேட்டேன். "என்கிட்டயாவது சொல்லுங்கக்கா. உள்ளயா, வெளியயா?"

"நீ பாக்கலல்ல? அப்ப உனக்கு அது வேணாம்" என்றார்.

ஆனால் ஒன்று என் கண்ணில் பட்டது. அந்த ஆட்டத்துக்குப் பிறகு அக்கா தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டார். வகுப்பில் ஜன்னலைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். நடைவழியில் ஓடுகள் சேரும் கோடுகளின் மேல் மற்றவர்களைப் போல மிதித்து நடந்தார். அவர் கணவர்கூட என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "என்னம்மா ஆச்சு இவளுக்கு? நேத்து புதுச் சட்ட போட்டேன். கேக்காமலே நல்லா இருக்குன்னு சொல்றா. எனக்கு பயமா இருக்கு." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கஸ்டம்ஸ்காரர் மகள் வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. மகள் கீழே வண்டியில் பைகளை ஏற்றிவிட்டு மேலே வந்தாள். அவர் லிஃப்ட் பக்கம் போகாமல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேராக விளையாட்டுக் கூடத்துக்கு வந்தார். நானும் அக்காவும் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். யாருடைய கையையும் பிடிக்காமல் பின்கோடு வரைக்கும் நடந்து வந்து, கைத்தடியின் நுனியை நீல டேப்பின் ஓரத்தில் வைத்தார்.

"நான் கெளம்பறேன்" என்றார் அக்காவிடம். "இனிமே நீ மறைச்சு ஆகப்போறது ஒண்ணும் இல்ல. போய் உன் எடத்துல உக்காந்து சொல்லு. எங்க விழுந்துச்சு?"

அக்கா வலையைக் கீழே வைத்தார். மூலைக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகு சாயவில்லை, இரண்டு கைகளும் முழங்காலில். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் தரையைப் பார்த்தார். பிறகு வாயைத் திறக்காமல் வலது கையைக் கோட்டை நோக்கி நீட்டினார்.

உள்ளே.

என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஆனால் கஸ்டம்ஸ்காரரின் முகத்தில் நான் எதிர்பார்த்த வெற்றி இல்லை. நீட்டிய விரலைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு சொன்னது பொய்."

"ஆமா சார்."

"எதுக்கு?"

"சண்டைக்கு எழுந்து வருவீங்கன்னு தெரியும்."

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். பேசியபோது குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"சரி. நான் எழுந்து நிக்கணும்னு அன்னைக்கு அவுட்டுன்னு சொன்ன. இன்னைக்கு நான் சந்தோஷமா வீட்டுக்குப் போகணும்னு உள்ளன்னு சொல்றியோ என்னவோ. எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா, விடுங்கப்பா" என்றாள் மகள்.

"இல்லம்மா, நிஜமாத்தான் கேக்கறேன். என் கண்ணு சரியாப் பாத்துதா இல்லையா? இத யார்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கறது? இவகிட்ட கேக்கலாம்னு இருந்தேன்."

அக்கா நீட்டிய கையை மெல்ல இறக்கினார். பிறகு, முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் தூக்கிக் கண்களை மூடிக்கொண்டார்.

கஸ்டம்ஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "இது என்ன சைகை?"

"பாக்கலன்னு அர்த்தம் சார்" என்றேன்.

"பொய்" என்றார் அவர். "நல்லா பாத்தா."

கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மகள் பின்னால் வர, படியைப் பார்த்து நடந்தார். தடியின் சத்தம் கீழ்த் தளத்துக்குப் போய் ஓயும் வரைக்கும் அக்கா கைகளை எடுக்கவில்லை.